நடுச்சுவர் யாருடையது?

அளந்த மண் – 7

"கிழமேல் ஜாதியடி 20, தென்வடல் ஜாதியடி 50. இந்த நான்கெல்லைக்கு மத்தியில் உள்ள ஓட்டுவில்லை வீடு, அதன் கதவு நிலவு, மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட..."

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் பழைய வீட்டுப் பத்திரம் எதைப் பிரித்தாலும் சொத்து விவரம் ஏறக்குறைய இந்த நடையில்தான் ஓடும். அப்பா கட்டியது ஒரே வீடு. அவர் காலத்துக்குப் பிறகு பாகப்பிரிவினை. கிழக்குப் பாதி மூத்தவருக்கு, மேற்குப் பாதி இளையவருக்கு. கூடத்தின் நடுவே ஒரு சுவர் எழும்பும். தெருப் பக்கம் இன்னொரு வாசல் திறக்கும். பத்திர எழுத்தர் "அ" பாகத்துக்குக் கிழமேல் அடி 10, "ஆ" பாகத்துக்குக் கிழமேல் அடி 10 என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி முடித்துவிடுவார்.

பத்தும் பத்தும் இருபது. சரிதான். அப்படியானால் நடுவில் நிற்கிற ஒன்பது அங்குலச் சுவர் எந்தப் பத்தில் இருக்கிறது?

இந்தக் கேள்வி அந்தத் தலைமுறையில் எழாது. அண்ணனும் தம்பியும் உயிரோடு இருக்கும்வரை சுவரில் ஆணி அடிப்பதற்குக்கூட அனுமதி கேட்கத் தேவையில்லை. பிள்ளைகள் காலத்தில் ஒரு பாதி வெளியாருக்குக் கைமாறும். வாங்கியவர் ஓட்டைப் பிரித்து மாடி போட நினைப்பார். அன்று காலையில்தான் அளவு நாடா வெளியே வரும். "சுவர் பூரா எங்க பாகத்துல வருது" என்று இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே வாக்கியம் கேட்கும்.

சண்டை எவ்வளவு மண்ணுக்கு? 50 அடி நீளச் சுவர், 9 அங்குல அகலம். 37.5 சதுர அடி. பாதியாக்கினால் 18.75 சதுர அடி. ஒரு கட்டில் போட்டால் நிரம்பிவிடும் இடம். சுட்ட செங்கல் இல்லாமல் ஒன்றரை அடி அகல மண்சுவராக இருந்தால் தொகை இரட்டிப்பாகும்: மொத்தம் 75 சதுர அடி, பாதிக்கு 37.5. சென்ட் கணக்கில் சொன்னால் பத்தில் ஒரு பங்குகூட வராது. வாய்தாவுக்கு வாய்தா விழுப்புரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் அலைந்த பேருந்துக் கட்டணம், அந்த மண்ணின் விலையைத் தாண்டிவிடும் என்பதை இருவரும் அறிவார்கள். அறிந்தும் விட மாட்டார்கள்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை ஒன்றுதான்: "சர்வேயரைக் கூப்பிடு, அளந்து காட்டட்டும்." நியாயமான யோசனை. ஆனால் சர்வேயரின் கையில் இருக்கும் தாள் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால், அது இந்தச் சுவரில் எவ்வளவு தூரம் உதவும் என்பதும் விளங்கும்.

1802 ஏப்ரல் 10-ம் தேதி சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். எஃகுச் சங்கிலி வெயிலில் எவ்வளவு நீள்கிறது என்பதைக்கூடக் கணக்கில் எடுத்த மனிதர். அது பூமியின் வடிவத்தைத் தேடிய அளவை. கிராமத்து வயலை வரிக்காக அளந்த கதை வேறு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்கு வந்த பாரமகாலில், அதாவது கல்வராயன்மலைக்கு மேற்கே சேலம் சீமையில், அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி விதித்தார்கள். ரயத்துவாரி முறைக்கு அங்கேதான் வித்து விழுந்தது. கள்ளக்குறிச்சி அடங்கிய தென்னாற்காடு 1801-ல்தான் கம்பெனியிடம் வந்தது. ஒவ்வொரு புலத்துக்கும் எண், எல்லைக்குக் கல், படம் என்ற ஒழுங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைபெற்றது. வட்ட அலுவலகத்தில் எஃப்.எம்.பி. என்று சொல்லப்படும் புலப்படத்தின் பூர்வீகம் இதுதான்.

அந்த அளவைக்குக் கருவி, கண்டர் சங்கிலி. நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணி 7.92 அங்குலம். அளவைக்காரர் சங்கிலியையும் கண்ணியையும் எண்ணி எழுதுவார். கண்ணிக்குக் குறைந்ததை எழுதும் வழக்கமில்லை. நம் நடுச்சுவரோ ஒன்பது அங்குலம். பழைய புலப்படத்தின் ஆகச் சிறிய அளவும் இந்தச் சுவரின் அகலமும் ஏறக்குறைய ஒன்று! மீட்டருக்கு மாறிய படங்களில் பெரும்பாலும் ஒரு தசமம் வரைதான் அளவு இருக்கும். ஒரு தசமம் என்றால் பத்து சென்டிமீட்டர், பாதிச் சுவர். படத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் இன்னும் மோசம். 1:2000 விகிதத்தில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள கோடு தரையில் ஒரு மீட்டரை மூடிவிடும். சுவர் முழுவதும் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

வரப்புக்கும் கிணற்று மேட்டுக்கும் இந்த நுணுக்கம் போதும். சுவருக்குப் போதாது. அளவையாளரின் குறை அல்ல அது. அவரிடம் கேட்கப்படும் கேள்விதான் அவருடைய தாளுக்குப் பெரியது.

(நுணுக்கத்தில் தமிழர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல என்று ஒரு பெருமை உண்டு. முதலாம் ராஜராஜன் காலத்து நில அளவையில் வேலியின் 5,242 கோடிப் பங்கில் ஒன்று வரைக்கும் பின்னம் எழுதியிருக்கிறார்கள். இன்றைய சுமார் ஆறரை ஏக்கர் வேலியை வைத்துக் கணக்குப் போட்டால் அது அரை சதுர மில்லிமீட்டர். அதை எவரும் கோல் பிடித்து அளந்திருக்க முடியாது. கணக்கர் வகுத்துக்கொண்டே போயிருக்கிறார், அவ்வளவுதான். உலகளந்த பெருமாள் கோயில் கொண்டிருக்கும் திருக்கோவிலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் என்பது கூடுதல் சுவை.)

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. பாதி வீடுகளுக்குப் படத்தில் கோடே கிடையாது.

கிராம நத்தம் என்பது குடியிருப்புக்கான நிலம். வயலுக்கு வரி உண்டு, நத்தத்துக்கு இல்லை. ஆகவே ஊர் முழுவதும் ஒரே புல எண்ணாகக் கிடந்தது. வீட்டுக்கு வீடு அளந்து எண் கொடுத்தது 1980-களின் இறுதியிலிருந்து நடந்த நத்தம் நிலவரித் திட்டத்தில்தான். முதலில் தோராயப் பட்டா, ஆட்சேபம் கேட்டுத் தீர்த்த பிறகு தூய பட்டா. அந்த நாளில் அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருந்தால், மனை ஒரே எண்ணில் இருவர் பேருக்கும் கூட்டுப் பட்டாவாகப் பதிவாகியிருக்கும். பிறகு பாகப்பிரிவினை பதிவானாலும், உட்பிரிவு செய்யச் சொல்லித் தனியாக மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டாதவரை படத்தில் எதுவும் மாறியிருக்காது. அளவையாளர் வந்தாலும் மனையின் வெளிச்சுற்றைத்தான் காட்ட முடியும். உள்ளே இருக்கும் கோட்டை அரசாங்கம் ஒருநாளும் வரைந்ததில்லை. வரைந்தவர்கள் அந்தக் குடும்பமும் கொத்தனாரும்.

பட்டாவில் இரண்டு பேர் இருக்கிறது, ஆகவே தலைக்குப் பாதி என்று வாதாடுவோரும் உண்டு. பட்டா உரிமைப் பத்திரம் அல்ல, வருவாய்த் துறையின் கணக்கு மட்டுமே என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. திண்ணைப் பேச்சில் மட்டும் அது இன்னும் ஏறவில்லை.

சரி, உட்பிரிவும் ஆகிவிட்டது, தனித்தனிப் பட்டாவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "அத்து காட்ட வேண்டும்", அதாவது எல்லையைக் காட்ட வேண்டும் என்று மனுச் செய்யலாம். எஃப் லைன் மனு என்றால் எந்த வட்ட அலுவலகத்திலும் புரியும். இப்போது இணையம் வழியாகவும் பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புப் போகும். குறித்த நாளில் நில அளவர் வருவார். வந்ததும் அவர் வீட்டைப் பார்க்க மாட்டார், தெருமுனையைப் பார்ப்பார். அவருக்கு வேண்டியது அசையாத கற்கள். புல எல்லையில் நட்ட கல், மூன்று எல்லை கூடும் இடத்துக் கல், ஏதாவது இரண்டு மூன்றாவது அகப்பட வேண்டும். அகப்பட்டால் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் சோதிப்பார். ஒத்துப்போன பிறகே அங்கிருந்து தூரம் ஓட்டி மனையின் மூலைகளுக்கு வருவார். 1923-ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அந்தக் கற்களைப் பராமரிக்கும் பொறுப்பு நில உடைமையாளருடையது. நடப்பில், ஒரு கல் சிமென்ட் சாலைக்கு அடியில் போயிருக்கும். இன்னொன்று சாக்கடை கட்டும்போது பிடுங்கப்பட்டிருக்கும். மூன்றாவது, யார் வீட்டிலோ துணி துவைக்கும் கல்லாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

கல் கிடைக்காவிட்டால் வெகுதூரத்திலிருந்து அளந்துகொண்டு வர வேண்டும். தூரம் கூடக்கூடப் பிழையும் கூடும். நடுவில் வீடுகள் மறைத்து நிற்பதால் நேர்க்கோடு பிடிக்க முடியாது. சந்துக்குள் நுழைந்து திரும்ப வேண்டும். கடைசியில் நடுச்சுவரின் தெருமுனையில் ஒரு புள்ளி, கொல்லைமுனையில் ஒரு புள்ளி என்று சாயத்தால் குறிப்பார். இரண்டையும் நூல் பிடித்து இணைத்தால் தெருப் பக்கம் சுவரின் நடுவிலும், கொல்லைப் பக்கம் சுவருக்கு நாலு விரற்கடை வெளியிலும் நூல் போகும். கொத்தனார் சுவரைச் சற்றுக் கோணலாக எழுப்பியிருக்கிறார் என்று ஒரு வீட்டார் சொல்வார்கள். சர்வேயர் தப்பாக அளந்துவிட்டார் என்று மற்ற வீட்டார் சொல்வார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

மேற்கொண்டு போனால் நீதிமன்றம். 1923 சட்டத்தின் 13-வது பிரிவு, அளவை முடிந்து முறையாக அறிவிக்கப்பட்ட எல்லையே முடிவான சான்று என்கிறது. அதை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பு மட்டுமே மாற்றும். அதற்கான வழக்கை அறிவிப்பு வந்த மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும் என்பது 14-வது பிரிவு. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஆணையர் நியமிக்கப்படுவார். அவர் அளவையாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இடத்தைப் பார்த்து, படம் வரைந்து அறிக்கை தருவார். அறிக்கையைவிடக் கனமானது பத்திரம்தான். அதிலும் ஒரு வரிசை உண்டு: பத்திரத்தில் எழுதிய நான்கெல்லையும் அளவும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், எல்லைதான் நிற்கும், அளவு தோற்கும். "கிழமேல் அடி 10" என்பதைவிட "பொதுச்சுவருக்குக் கிழக்கு" என்ற இரண்டு வார்த்தைக்கு வலு அதிகம். அந்த இரண்டு வார்த்தையைப் பத்திர எழுத்தர் எழுதினாரா இல்லையா என்பதில்தான் பல குடும்பங்களின் நிம்மதி தொங்குகிறது.

பொதுச்சுவர் என்று எழுதிவிட்டாலும் எந்தப் பொது என்று கேட்கலாம். 1880-ல் இங்கிலாந்தில் வாட்சன் – கிரே வழக்கில் நீதிபதி ஃப்ரை பிரித்துச் சொன்ன நான்கு வகைகளை நம் நீதிமன்றங்களும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. சுவர் முழுவதும் இருவருக்கும் சேர்ந்த கூட்டுச் சொத்தாக இருக்கலாம். நீளவாக்கில் வகிர்ந்து ஆளுக்குப் பாதி என்று இருக்கலாம். முழுவதும் ஒருவருடையதாக இருந்து, அது பிரிப்புச் சுவராகவே நிலைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை மட்டும் மற்றவருக்கு இருக்கலாம். அல்லது ஆளுக்குப் பாதியாக இருந்து, ஒருவர் பாதி மற்றவர் பாதியைத் தாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடும் சேர்ந்திருக்கலாம்.

நம் பக்கத்துப் பாகப்பிரிவினை வீடுகளில் முதல் வகையும் நான்காவது வகையும்தான் அதிகம் பொருந்தும். முதல் வகை என்றால் ஒரு கண்டிப்பு உண்டு. கூட்டுச் சுவரின் மேல் ஒருவர் மற்றவரைக் கேட்காமல் உயரம் எழுப்பினால் என்னாகும் என்பது 1890-களிலேயே மதராஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது, கனகய்யா – நரசிம்முலு வழக்கில். எழுப்பியதை அகற்றக் கேட்கும் உரிமை மற்றவருக்கு உண்டு என்பதே முடிவு. மாடிக்கு ஆசைப்பட்டுப் பழைய சுவர்மேலேயே நாலு வரி செங்கல் ஏற்றுகிற எவரும், அந்தத் தீர்ப்புக்கு நூறு வயது தாண்டிவிட்டது என்பதை அறிந்திருப்பதில்லை.

உண்மையான ஆபத்து, சுவரை இடிக்கும் நாளில்தான். மேற்கு வீட்டார் தம் பாதியைப் பிரிக்கிறார்கள். கிழக்கு வீட்டின் உத்தரமும் கைமரமும் அதே சுவரில்தான் சொருகியிருக்கின்றன. நாட்டு ஓட்டின் பாரம் முழுவதும் அங்கே இறங்குகிறது. மேற்கே தாங்கிக்கொண்டிருந்த குறுக்குச் சுவர்கள் போன பிறகு, நடுச்சுவர் 50 அடி நீளத்துக்குத் துணையில்லாமல் நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே ஐந்தடிப் பள்ளம் தோண்டுவார்கள். ஐப்பசி மழை அந்த வாரத்தில் வந்தால் மண்சுவர் கரைய ஒரு ராத்திரி போதும். இயற்கையான நிலையில் உள்ள மண்ணுக்குப் பக்கத்து மண்ணின் தாங்கல் கிடைக்க வேண்டும் என்பதை 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் ஏற்கிறது. கட்டடத்துக்கான தாங்கல் தானாக வராது. பத்திரத்திலோ, இருபது ஆண்டு தொடர்ந்த அனுபவத்திலோ அது பிறந்திருக்க வேண்டும்.

தூண் போட்டுக் கட்டும் இன்றைய முறையில் இன்னொரு முடிச்சு. தூணுக்குக் கீழே கான்கிரீட் பாதம் நான்கு பக்கமும் விரிய வேண்டும். எல்லையை ஒட்டித் தூண் நின்றால் பாதம் பாதி அடுத்த வீட்டுத் தரைக்குள் போகும். அதைத் தவிர்க்க, பாதத்தை ஒரே பக்கமாக விரித்து, உள்ளே இருக்கும் தூணோடு விட்டம் போட்டுப் பிணைப்பார்கள். செலவு கூடும். மேஸ்திரியிடம் வரைபடம் இல்லாத வேலையில் இதைச் செய்யச் சொல்ல ஆளில்லை; பூமிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று பாதம் எல்லை தாண்டிவிடும். இருபது ஆண்டு கழித்துக் கிழக்கு வீட்டார் கடைக்கால் தோண்டும்போது கடப்பாரை அதில் போய் இடிக்கும். ஆக்கிரமிப்பு என்பது மேலே தெரிகிற சுவராக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

சண்டை வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்கள் தம் பக்கம் புதுச் சுவர் எழுப்பி, பழைய சுவருக்கும் அதற்கும் இரண்டு அங்குலச் சந்து விடுவார்கள். பெருந்தன்மைதான். ஆனால் அந்தச் சந்துக்குள் கரணை நுழையாது, வெளிப்பூச்சு பூச முடியாது. மேலே தகடோ கான்கிரீட் மூடியோ போடாவிட்டால் மழைத் தண்ணீர் நேரே இறங்கி இரண்டு வீட்டுச் சுவரிலும் ஓதம் காட்டும். எலிக்கு மட்டும் வாடகையில்லாத வீடு.

லண்டன்காரர்களும் இதே பாட்டைப் பட்டவர்கள்தாம். 1666 பெருந்தீக்குப் பிறகு நகரத்தைத் திரும்பக் கட்ட வந்த 1667 சட்டமே பொதுச்சுவரைப் பற்றிப் பேசியது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பில் இருப்பது 1996-ம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டம். பொதுச்சுவரில் கைவைக்க இரண்டு மாதத்துக்கு முன்பே பக்கத்து வீட்டுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இணக்கம் இல்லையென்றால் அதற்கென்றே உள்ள அளவையாளர்கள் வந்து தீர்த்து எழுதித் தருவார்கள். தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் எதுவும் இல்லை. 2019 கட்டட விதிகள், தொடர் கட்டடப் பகுதிகளில் பக்கவாட்டு இடைவெளி விடாமல் கட்ட இடம் தருகின்றன. ஒட்டிக் கட்டலாம் என்பதோடு சரி. இங்கே பக்கத்து வீட்டுக்குப் போகும் அறிவிப்பு பெரும்பாலும் வாய்மொழிதான்: "அண்ணே, புதன்கிழமை முகூர்த்தம். செவுத்த எடுக்கறோம்."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினால் சங்கதி வேறாகிறது.

கல்வராயன்மலை மூன்று ஜாகீர்களாக, சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் வம்சங்களின் ஆளுகையில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்பது மலைமக்கள் சொல்லிவரும் வழக்கு. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 1976-ல்தான் ஜாகீர் முடிந்து அரசின் நேரடி நிர்வாகம் வந்தது. கீழே சமவெளியில் நூறாண்டுக்கு மேல் பழகிய புல எண்ணும் பட்டாவும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இந்தத் தலைமுறை நினைவுக்குள் வந்த சமாச்சாரம். 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கல்வராயன்மலை வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டமாயிற்று. அதற்கு முன்பு விழுப்புரம், அதற்கும் முன்பு கடலூர் வரை போக வேண்டியிருந்த மனு இப்போது மலைமேலேயே கொடுக்கப்படுகிறது.

காட்டு நிலத்தில் குடியிருப்போருக்கு 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இன்னொரு வழி திறந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் உள்ள நிலம், அதிகபட்சம் 4 ஹெக்டேர். உரிமை ஆவணம் கணவன் மனைவி இருவர் பேரிலும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. எல்லை காணும் வேலையைத் தொடங்கி வைப்பது வட்ட அலுவலகம் அல்ல, கிராம சபை. சட்டத்தின் விதிகள் சான்றாக ஏற்பவற்றைப் பார்த்தால் கீழ்நாட்டு வழக்கறிஞருக்கு வியப்பாக இருக்கும்: குடிசை, சமப்படுத்திய நிலம், கட்டிய வரப்பு, கிணறு, சுடுகாடு, சாமியிடம், ஊர்ப் பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலம். பத்திரமே இல்லாத இடத்தில் சுவரும் வரப்பும் மனித நினைவும்தான் பத்திரம்.

விற்க முடியாது என்ற ஒரே விதி நடுச்சுவர் வழக்கில் பாதியைக் குறைத்துவிடுகிறது. வெளியார் வந்து வாங்க மாட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எப்போதும் பங்காளிதான். மீதிப் பாதி, பங்காளிகளே போட்டுக்கொள்வது. அதற்கு மலை, தரை என்ற பேதமில்லை.

இனிப் பிரிக்கப்போகிறவர்கள் பத்திரத்தில் என்ன எழுதினால் பேரப்பிள்ளைகள் தப்பிப்பார்கள்? அளவு எங்கிருந்து எங்கே என்று எழுத வேண்டும்: சுவரின் உள்முகம் வரையா, நடு மையம் வரையா, வெளிமுகம் வரையா. சுவரின் அகலம், அது பொதுவா தனியா, பொது என்றால் யார் எந்த உயரம் வரை எழுப்பலாம், இடித்தால் மற்றவர் உத்தரத்தைத் தாங்க முட்டுக்கொடுக்கும் செலவு யாருடையது, இறவாணத் தண்ணீர் எந்தப் பக்கம் விழும், கழிவுநீர்க் குழாய் எதன் வழியே போகும் என்பவையும் வேண்டும். கூடவே ஒரு வரைபடம். 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 21-வது பிரிவு பத்திரத்தோடு வரைபடம் இணைக்க இடம் தருகிறது. அதன் நகலும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். முழுத் தாளில் வீட்டை மட்டும் வரைந்தால் ஒன்பது அங்குலச் சுவருக்கு இரண்டு கோடு போடத் தாராளமாக இடமிருக்கும். பதிவு முடிந்த கையோடு உட்பிரிவுக்கு மனுக் கொடுத்துவிட்டால், இரண்டு தாளும் ஒரே ஆண்டில் ஒரே கதையைச் சொல்லும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: கிணறு ஒன்று, பங்கு ஏழு – முறைத் தண்ணீர்க் கணக்கு